மிச்சம் திரும்பிப் பார்க்கிறாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். கலைத்தாகம், சமூக அக்கறை, உள்மனத்தின் குரல், அதெல்லாம் மற்ற கதைகளுக்கு. இதற்குக் காரணம் என் தங்கை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள். நடிகர் தேர்வுக்காக அச்சடித்த தாள்களின் பின்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே டைரக்டர் டீ குடித்து முடிப்பதற்குள் அவருக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும். முடிவு வரவில்லை, கதை வந்துவிட்டது.

ஆரம்பம்தான் படுத்துகிறது. நீங்களே பாருங்கள்:

"உலகம் அழிந்து வெகுநாளாகியிருந்தது. அவள் மட்டும்…" வேண்டாம். இது நான் எழுதுகிற தொலைக்காட்சித் தொடரின் ஆரம்பம், அதை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு…" மழையே இல்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது.

"எனக்கொரு தங்கை இருக்கிறாள். அவளை எல்லோருக்கும் பிடிக்கும்." உண்மைதான். ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே நான் பல்லைக் கடிப்பது கேட்டுவிடுகிறது.

சரி, ஆரம்பம் இல்லாமலே போவோம்.

2

வீடியோ கேம் விளையாடாதவர்களுக்காக இந்தப் பகுதி. விளையாடுகிறவர்கள் கொட்டாவி விட்டுக்கொள்ளலாம்.

அந்த ஆட்டத்தில் ஊரெல்லாம் அழிந்துவிட்டது. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, ஆள் இல்லை. ஒரே ஒருத்தி மட்டும் ஒரு தண்ணீர் லாரியைக் காத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறாள். உருவாக்கியவர்கள் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. எல்லோரும் போனபின் எஞ்சியவள் என்பதால் ஆடுகிறவர்களே 'மிச்சம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த ஆட்டம் இப்போது தொலைக்காட்சித் தொடராகிறது. அதைத் தொடருக்கு ஏற்றபடி மாற்றி எழுதுகிற வேலை என்னுடையது.

மிச்சத்தை ஓட வைப்பது உங்கள் கையிலிருக்கும் கண்ட்ரோலர். பொத்தானை அழுத்தினால் ஓடுவாள், சுடுவாள், சுவரேறிக் குதிப்பாள். அடுப்பில் பால் பொங்குகிறதென்று நீங்கள் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனால்? அப்படியே நிற்பாள். நிற்கிறவள் மரக்கட்டையாகத் தெரியக் கூடாது அல்லவா, அதனால் அந்த நேரத்துக்கென்றே சில அசைவுகளை வைத்திருப்பார்கள். மிச்சம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்பாள். பிறகு யாரோ கூப்பிட்டது போலச் சட்டென்று திரும்பிப் பார்ப்பாள். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். காது மடலைப் பிடித்துக்கொண்டு, தனக்குத்தானே லேசாகச் சிரித்து, மறுபடி முன்னால் பார்ப்பாள்.

அவ்வளவுதான். இதற்குத்தான் ஜனங்கள் உருகினார்கள். கூப்பிட ஒருவருமே இல்லாத உலகத்தில் இவள் எதற்குத் திரும்புகிறாள் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். பால் பொங்கி வழிந்தாலும் வழியட்டும் என்று கண்ட்ரோலரைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு.

தொடரில் இது நடக்காது. தொடரில் யாரும் யாரையும் கீழே வைத்துவிட்டுப் போவதில்லை. கதை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், காத்திருக்க நேரம் கிடையாது. அதனால் அவள் காத்திருப்பதற்கென்றே மூடிய கதவுக்கு முன்னால் ஒரு காட்சியை நான் எழுதி நுழைத்தேன். எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஏனென்றால் அந்தத் திரும்பல் என்னுடையது.*

* பெருமையடித்துக்கொள்ளவில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் தங்கையைத்தான் கூப்பிடுவார்கள். நான்தான் முதலில் திரும்பிப் பார்ப்பேன். என்னை இல்லை என்று தெரிந்ததும், காது அரித்ததற்காகத் திரும்பியவள் போல மடலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். பழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. இன்றைக்கும் பேருந்து நிறுத்தத்திலும் வங்கி வரிசையிலும் அப்படித்தான் நிற்கிறேன்.

3

என்னுடையது அங்கே எப்படிப் போனது? மிச்சத்தின் முகம் கணினியில் வரைந்தது. குரல் யாரோ ஒருத்தியுடையது. உடம்பு மட்டும் என் தங்கையுடையது. கறுப்பு உடுப்பில் மூட்டுக்கு மூட்டு வெள்ளைப் பந்து ஒட்டி, சுற்றிலும் கேமராக்களை வைத்து, அவளை ஓடவிட்டு, விழவிட்டுப் பதிவு செய்தார்கள். கடைசியில், "யாருக்கோ காத்திருக்கீங்க, சும்மா நில்லுங்க" என்றார்களாம். நின்றாள். என்னைப் போல நின்றாள்.

கேட்டாளா? என் ஷாம்பூவை, செருப்பை, கைப்பையை, ஜன்னலோரப் படுக்கையைக் கேட்டா எடுத்தாள்? அந்த வரிசையில் இதுவும்.

தொடர் வேலையில் நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்த உதவி இயக்குநர் கைதட்டிச் சிரித்தார்.

"மேடம், நீங்களும் மிச்சம் ரசிகையா? அப்படியே பண்றீங்களே! ஆனா கொஞ்சம் ஓவர்."

ஓவராம். என் கழுத்தை நான் திருப்புவது ஓவராம். அன்று முழுக்க எனக்குக் காதில் புகை வந்தது.

அந்தப் புகையோடுதான் போன வாரம் தங்கையை எதிர்கொண்டேன். மிச்சத்தின் வேடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, ஒத்திகை பார்க்க என் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அம்மாவுக்கு அந்த கேமைப் போட்டுக் காட்டினேன்க்கா. 'எங்கடி நீ இருக்கே, வேற யாரோல்ல ஓடுறா'ங்குறாங்க. ஊரே என்னைப் பார்த்திருக்கு, ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. ஒரே ஒரு தடவை என் மூஞ்சி வரட்டுமே" என்றாள்.

நியாயமான ஆசை. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"வரட்டும். ஆனா அந்தத் திரும்பிப் பார்க்குறதை மட்டும் பண்ணாத."

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியும். அது என்னுது."

"அக்கா, அதுதானே மிச்சமே?"

"அது மிச்சம் இல்லடி. அது நான்."

அவள் காதிலிருந்து கம்மலைக் கழற்றுவது போல அந்தத் திரும்பலை விரல்களால் கழற்றி, சமையல் மேடையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தா, எடுத்துக்கோ. பத்திரம், யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் போன பிறகு அந்த இடத்தை நான் கையால் தடவிப் பார்த்தேன். வெட்கக்கேடு.

4

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்தத் தங்கைப் பாத்திரம் ரொம்ப நல்லவளாக வருகிறது. வாசகர்களும் அவள் பக்கம் சாய்வதை என்னால் உணர முடிகிறது. இது எனக்குப் புதிதல்ல, எல்லோரும் சாய்கிற பக்கம்தான் அது. சமநிலைக்காக ஒரு கெட்ட குணம் சேர்க்கலாமென்று பார்த்தேன். "அவள் பொய் சொல்வாள்." இல்லை, சொல்ல மாட்டாள். "அவளுக்குத் தலைக்கனம்." கிடையாது. "தின்னும்போது மேலெல்லாம் தூள் கொட்டிக்கொள்வாள்." இதுதான் அகப்பட்டது. இதையே வைத்துக்கொள்ளுங்கள்.]

5

இன்று காலை நடந்ததை எழுதுகிறேன். இதில் கற்பனை குறைவு.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர். ஒருத்தியை நான் விளம்பரப் பலகை என்பேன், அவள் முகம் இல்லாத தெருமுனை கிடையாது. சோப்பு, சிமெண்ட், நகை, எல்லாவற்றுக்கும் அவள்தான் சிரிப்பாள். இன்னொருத்தி என் தங்கை. நாங்கள் அக்கா தங்கை என்பது அங்கே யாருக்கும் தெரியாது. சிபாரிசில் வந்தவள் என்ற பேச்சு கூடாது, வாயைத் திறக்காதே என்று அவளே சொல்லியிருந்தாள். மிச்சத்துக்கு உடம்பு கொடுத்தது யார் என்பதும் தெரியாது, ஆட்டத்தைச் செய்த நிறுவனம் அந்தப் பெயர்களை வெளியிடுவதில்லை.

அறை நடுவில் சுவரில்லாமல் ஒரு கதவை நிறுத்தியிருந்தார்கள். அதன்முன் காத்திருக்க வேண்டும், அவ்வளவே பரீட்சை. பலகை வந்தாள். நின்றாள். கால் மாற்றினாள். திரும்பினாள். காதைப் பிடித்துச் சிரித்தாள். அச்சு அசல். ஆட்டத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்துப் பழகியிருக்கிறாள். அறையில் எல்லோரும் மூச்சை விட்டார்கள். ஒரு அந்நியப் பெண்மேல் என்னைப் பார்ப்பது எப்படி இருந்தது தெரியுமா? சொன்னால் நம்ப மாட்டீர்கள், எரியவே இல்லை.

அடுத்து தங்கை. கதவின் முன் நின்றாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். கழுத்து திரும்பத் தொடங்கியது. பாதியில் நின்றது. பிடிவாதமாக மறுபடி முன்னால் வந்தது. கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. கதவு திறக்கும்வரை அப்படியே நின்றாள்.

அவள் வெளியே போனதும் டைரக்டர் பேனாவை மூடி வைத்தார். "நல்லாத்தான் பண்றாங்க. ஆனா இது மிச்சம் இல்லையே. அந்தப் பொண்ணு ஒரிஜினலை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டாங்க போல."

உதவி இயக்குநர் தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு முட்டியது, அழுகையும் முட்டியது. ஒரிஜினலைப் பார்த்ததே இல்லை என்று இவர் சொல்கிறவள்தான் அந்த ஒரிஜினல். அதை அறிந்தவள் அறையில் நான் ஒருத்தி. "இன்னொரு தடவை நிக்கச் சொல்லுங்க, திரும்பிப் பார்க்கச் சொல்லுங்க." இவ்வளவு சொன்னால் போதும். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"எழுதினவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க, யாரு?" என்றார் டைரக்டர்.

"ஒரு டீ குடிச்சு முடிங்க, வந்து சொல்றேன்" என்று வெளியே வந்துவிட்டேன்.

6

வந்தால் பெஞ்சில் இவள்.

"பார்த்தியாக்கா? பண்ணவே இல்ல" என்றாள். முகமெல்லாம் பெருமை. "கழுத்து தானா திரும்பிடுச்சு. நல்லவேளை, பிடிச்சு நிறுத்திட்டேன். கோவிச்சுக்காத."

தாளைத் திருப்பி எழுத ஆரம்பித்தேன்.

"அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். "கேமுக்காக எடுத்தப்போ, சும்மா காத்திருக்குற மாதிரி நில்லுன்னாங்க. எனக்கு எப்படின்னே தெரியலக்கா. நான் எதுக்குக் காத்திருந்திருக்கேன், சொல்லு? எல்லாரும் என்னைத்தானே கூப்பிட்டாங்க. காத்திருக்குறவங்கன்னா எனக்குத் தெரிஞ்சது நீ ஒருத்திதான். அதான் நீ நிக்குற மாதிரி நின்னேன்."

(இந்த வசனத்தை நான் எழுதவில்லை. எழுதத் தெரிந்திருந்தால் என்றைக்கோ பெரிய ஆளாகியிருப்பேன். இதிலும் இவள்தான் என்னை முந்திக்கொண்டாள், பாருங்கள்.)

அவள் கவனித்திருக்கிறாள். வாசலில் எல்லோரும் அவளைக் கூப்பிட்டபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இது தெரிந்ததும் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் கதை நன்றாக முடியும். போகவில்லை. இன்னும் ஒரு சுற்று ஏறித்தான் இருக்கிறது.

7

முடிவுகள். கையிருப்பில் உள்ளவை.

உள்ளே போய்ச் சொல்கிறேன். மறுபடி நிற்கிறாள், திரும்புகிறாள், அறை வாயடைக்கிறது. வேடம் அவளுக்கு. அம்மா தொலைக்காட்சியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். அதன்பின் வாராவாரம் என் கழுத்து அவள் முகத்தோடு வீட்டுக்கு வீடு திரும்பும். பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்க்கிற குழந்தைகள், "அந்தம்மா அவங்களை மாதிரி பண்றாங்க" என்று சொல்லும். சாகும்வரை நான் என் தங்கையைக் காப்பியடித்தவள்.

சொல்லாமல் விடுகிறேன். வேடம் பலகைக்கு. தங்கை இன்னொரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு, "பரவால்லக்கா" என்பாள். உண்மையிலேயே பரவாயில்லை என்றுதான் சொல்வாள், அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கதவுக் காட்சியையே வெட்டிவிடலாம். எழுதியவள் நான், பேனா என் கையில், ஒரு கோடு போதும். மிச்சம் காத்திருக்கவே மாட்டாள். யாருக்கும் கிடைக்காது. இந்தக் கதையின் முதல் வரியிலிருந்து என் கை அந்தக் கோட்டுக்குத்தான் துடித்துக்கொண்டிருந்தது. மூன்றில் எது நடந்ததென்று நான் எழுதப்போவ…

8

உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்கள். டீ முடிந்துவிட்டது. "வாங்க" என்றார்கள், யாரை என்று சொல்லவில்லை. ஆனால் தங்கை தலையைத் தூக்கவே இல்லை, பாக்கெட்டின் அடியில் விரலை விட்டுத் துழாவுகிறாள். அப்படியென்றால் என்னைத்தான்.

எழுந்துவிட்டேன். தாள்கள் இடக்கையில், வலக்கை கதவுப் பிடியில். இனி எழுத முடியாது.

கண்ட்ரோலர் உங்களிடம் இருக்கிறது. எதையாவது அழுத்துங்கள், உள்ளே போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லவோ விழுங்கவோ செய்கிறேன். அழுத்த மனமில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்றால், கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் வரும்வரை இந்தக் கதவின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். நிற்கும்போது நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். திரும்பிப் பார்ப்பேன். இந்தத் தடவை பின்னால் ஆள் இருக்கிறாள், மேலெல்லாம் பிஸ்கட் தூளோடு.