யென் அண்ணனின் நாடி

இருபத்திரண்டு வருடம் எங்கள் ஊரிலிருந்து செங்டு நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள் நான். படியில் கால் வைக்கும்போதே ஆளை எடை போட்டுவிடுவேன். இவன் டிக்கெட் எடுக்காமல் நழுவப் பார்ப்பவன், இவள் மூன்றாவது வளைவில் வாந்தி எடுக்கப் போகிறவள் என்று சொன்னால் அப்படியே நடக்கும். அந்தத் திமிரோடுதான் ஐம்பதாவது வயதில் டாக்டர் பெய்யிடம் சீன வைத்தியம் கற்றுக்கொள்ளப் போய் நின்றேன்.

வருடக்கணக்கில் தூக்கமில்லாமல் கிடந்த என்னைத் தூங்க வைத்தவர் அவர். அந்த மரியாதை எனக்கு உண்டு. ஆனாலும் என்னைவிடப் பதினாறு வயது சின்னவரைக் ‘குருவே’ என்று கூப்பிட வாய் வரவில்லை. டாக்டர் தம்பி என்றேன். அவர் என்னை அக்கா என்றார்.

போன முதல் நாளே அக்குபங்சர் ஊசியைத் தொடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் என் கையில் அகப்பையைக் கொடுத்தார். கிளினிக்கின் பின்கட்டில் தினமும் ஒரு பானை கஞ்சி காய்ச்ச வேண்டுமாம்.

“நான் வைத்தியம் படிக்க வந்தேனா, சமைக்க வந்தேனா தம்பி?”

“கஞ்சிய வெச்சுட்டு அவசரப்பட்டா என்ன ஆகும்க்கா?”

“அடிப்பிடிக்கும்.”

“நோயாளி முன்னாடி உக்காந்தாலும் உங்களுக்கு அதான் ஆகும்.”

அடுப்பைப் பற்ற வைத்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பதும் அவர் பாடம்தான். எந்த நோயாளி வந்தாலும் எதிரில் ஒரு கோப்பை தேநீர் வைப்பார். அது ஆறும்வரை நான் அந்த நோயாளியைப் பார்க்கலாம், கேட்கலாம், கையைப் பிடிக்கலாம். இன்ன நோய் என்று மட்டும் சொல்லக் கூடாது. தூக்கம், சாப்பாடு, கோபம், மாமியார் என்று டாக்டர் ஊர்க்கதை பேசுவதுபோல விசாரித்துக்கொண்டிருப்பார். எனக்கோ பஸ் கிளம்பும் நேரத்தில் ஒருவர் சில்லறை தேடுவதைப் பார்ப்பது போலிருக்கும்.

அவர் மேசைமேல் நீலத்துணி தைத்த ஒரு குட்டித் தலையணை உண்டு. நாடி பார்க்க நோயாளி அதில் மணிக்கட்டை வைப்பார். அந்தத் தலையணை யார் பக்கம் இருக்கிறதோ அவர்தான் வைத்தியர். எனக்கு அது என் பக்கம் வர வேண்டும். அந்த ஆசையில்தான் இரண்டு வருடம் கஞ்சி கிண்டினேன்.

முதல் வருடக் கடைசியில் ஒரு தேர்வு வைத்தார். வந்த பெண் நாக்கை நீட்டினாள். கன்னங்கரேல் என்றிருந்தது. தேநீரில் இன்னும் ஆவி அடங்கவில்லை. நான் எழுந்தே விட்டேன். “உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா, ஒரு நிமிஷம் தாமதிக்காத,” என்றேன். அவள் ஓவென்று அழுதாள். அவள் புருஷன் சுவரில் சாய்ந்தான்.

“காலைல என்ன சாப்பிட்டீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

அரைக்கூடை மல்பெரிப் பழம் சாப்பிட்டிருந்தாள். நாக்கில் இருந்தது அதன் சாயம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் சந்தைப் பக்கம் போக முடியவில்லை. மீன்காரி நாக்கை நீட்டி, “ஜின்ஃபெங், பாத்துச் சொல்லேன், பொழுது சாயறவரைக்கும் தாங்குவேனா?” என்பாள்.

இரண்டாவது தேர்வு இந்த வருடம், உச்சக்கோடையின் முதல் நாளில் வந்தது. குளிர்காலத்தில் இருமல் வராமலிருக்க அன்றைக்கு முதுகில் இஞ்சிப் பற்று போட்டுக்கொள்ள ஊரே திரண்டு வரும். சட்டையைக் கழற்றிய முதுகுகளும் விசிறிகளும் தர்ப்பூசணித் தோல்களுமாக வரிசை தெருமுனைவரை நின்றது. டாக்டர் பற்று போட்டபடியே சொன்னார்.

“அக்கா, உள்ள ஒருத்தர் உக்காந்திருக்கார். சரியாப் பாத்தா தலையணை உங்க பக்கம்.”

“இல்லேன்னா?”

“இன்னொரு வருஷம் கஞ்சி.”

வரிசையில் இருந்தவர்களுக்குப் பற்றெல்லாம் மறந்துபோயிற்று. ஜன்னல் நிறையத் தலைகள்.

உள்ளே இருந்தவர் டோஃபு விற்கும் யென் அண்ணன். அறுபத்தெட்டு வயது. சிவந்த கன்னம், உரத்த குரல். தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தார்.

“வா ஜின்ஃபெங். ஒரு நாள் என்னை நடுவழியில பஸ்ஸ விட்டு இறக்கி விட்டியே, ஞாபகமிருக்கா?”

“ரெண்டு பீப்பாய் டோஃபுவோட ஏறினா மடியிலயா வெச்சுக்குவாங்க? கையக் குடுங்கண்ணே.”

இடது மணிக்கட்டைத் தலையணையில் வைத்தார். மூன்று விரல் வைத்தேன். நாடி இல்லை. லேசாக வைத்துப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வலது கையை வாங்கினேன். அதிலும் இல்லை. என் முதுகில் வியர்வை வழிந்தது. இரண்டு கையிலும் நாடி இல்லாத மனிதர் என் எதிரில் விதை துப்பிக்கொண்டிருந்தார். கால்கள் தாமாக எழப் பார்த்தன. டாக்டர் என்று கத்த வாயும் திறந்துவிட்டது.

தேநீரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. மல்பெரிக்காரி அழுதது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தேன்.

நன்றாகப் பார்த்தேன். நகங்கள் ரோஜா நிறம். மூச்சு சீர். குரல் கணீர். இவ்வளவு சத்தமாகப் பழம் தின்கிறவருக்கு நாடி இல்லாமல் போகுமா? பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நான்தான் தப்பான ஸ்டாப்பில் நிற்கிறேன் என்று தோன்றியது. கையைத் திருப்பி, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டின் பின்புறத்துக்கு விரல்களை நகர்த்தினேன். அங்கே இருந்தது. திடுதிடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஜன்னலில் கைதட்டினார்கள்.

“பொறந்ததுலேர்ந்து எனக்கு அங்கதான் ஓடுது,” என்றார் யென் அண்ணன். “உன்னோட சேத்து எட்டுப் பேரு என் கையப் பிடிச்சிருக்காங்க. ஏழு பேரு என்னைக் கொன்னுட்டாங்க. ஒருத்தர் செருப்புகூடப் போடாம தெருவுல ஓடி ஆம்புலன்ஸக் கூப்பிட்டார்.”

“யாரு அது?”

“அதோ, காது செவந்து நிக்கறாரே.”

டாக்டர் மும்முரமாக இஞ்சிப் பற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

ஆனால் தேநீர் இன்னும் ஆறவில்லை. விதி விதிதான். யென் அண்ணன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், நான் விடவில்லை. அவர் சிரிப்புக்கும் அந்த நாடிக்கும் பொருந்தவில்லை. துணி காயப்போட்ட கயிறுபோல விறைத்திருந்தது. மனசில் எதையோ அடக்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் நாடி அப்படி ஓடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“ராத்திரிச் சாப்பாடு யார்கூடண்ணே சாப்பிடறீங்க?”

அவர் தர்ப்பூசணியைக் கீழே வைத்தார்.

“நின்னுக்கிட்டே சாப்பிடுவேன். அடுப்படியில.”

“எத்தனை நாளா?”

“வீட்டுக்காரி போய்ச் சேந்ததுலேர்ந்து. மூணு வருஷம். பையன் ஷென்ஜென்ல இருக்கான், வருஷப் பிறப்புக்கு வருவான்.” விரலில் ஒட்டியிருந்த விதையைத் துடைத்தார். “என் கையப் பிடிச்சவங்க எல்லாம் பயந்துட்டு ஓடிடுவாங்க ஜின்ஃபெங். உக்காந்து இதெல்லாம் யாரு கேட்டா?”

மருந்துச் சீட்டை எடுத்தேன். ‘மாலை ஆறு மணி. கிளினிக் பின்கட்டு. கஞ்சி. உட்கார்ந்து, ஆட்களோடு சாப்பிட வேண்டும்’ என்று எழுதி டாக்டரிடம் நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல் முத்திரை குத்தினார். பிறகு அந்த நீலத் தலையணையை இரண்டு கையாலும் எடுத்து என் பக்கம் வைத்தார்.

எழுந்து தலை குனிந்து, “குருவே,” என்றேன். வாய் ஒழுங்காக வந்தது.

“அக்கா, ஏதோ தீயற வாசனை வருது,” என்றார் அவர்.

ஓடினேன். கஞ்சி பானையோடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டு வருடத்தில் அது அடிப்பிடித்தது அன்றைக்கு மட்டும்தான்.

சரியாக ஆறு மணிக்கு யென் அண்ணன் ஒரு கட்டி டோஃபுவோடு வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். எங்களோடு உட்கார்ந்தார். முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தார்.

“கரியையா காய்ச்சுன? இதத் தின்னா இருக்கற நாடியும் நின்னுடும்.”

சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவைக்குக் கிண்ணத்தை நீட்டினார். அதையும் வழித்துத் தின்று முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“நாளைக்கும் ஆறு மணிதானே?”