வாசல் தராசு

பதினாலு பேரில் தள்ளிவிட ஒருத்தன்கூட இல்லை என்று ராஜவேல் தன் நோட்டில் எழுதி முடித்தபோது வேன் அரியலூரைத் தாண்டியிருந்தது. அப்படி எழுதுகிற ஆள் அல்ல அவர். இருபத்திரண்டு வருஷமாகக் கபடியிலேயே கிடந்தவர். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பரிமாறுகிறவன் காலை எப்படி எடுத்து வைக்கிறான் என்றுதான் பார்ப்பார். அவருக்கே குறை அகப்படவில்லை என்றால் அணி தேறிவிட்டது என்று அர்த்தம்.

மாவட்டத்துக்கு ஓர் அணி, சம்பளத்துக்கு ஆட்கள் என்று புதிதாகத் தொடங்கிய லீக் அது. அன்று காலை பெரம்பலூரில் எடை பார்க்கிறார்கள். எண்பது கிலோவுக்கு மேல் எவனும் இருக்கக் கூடாது. எடை பார்த்துப் பெயரைப் பதிந்துவிட்டால் சீசன் முழுக்க அதுதான் பட்டியல். தவறவிட்டவன் இந்த வருஷம் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்க வேண்டியதுதான்.

நோட்டை மறுபடியும் புரட்டினார். அறிவரசன், வலது கார்னர்: காலைப் பிடித்தால் விடமாட்டான், வாயை மட்டும் மூடமாட்டான். பிரேம்குமார், ரைடர்: அறுபத்திரண்டு கிலோ, நடுக்கோட்டைத் தாண்டும் வரைக்கும் பயம், தாண்டிய பிறகு பயம் எதிரிக்கு. வேல்முருகன், கவர்: வயசாகிவிட்டது, அதை அவனிடம் யாரும் சொல்லக் கூடாது. இப்படிப் பதின்மூன்று பேர். கடைசியில் அழகேசன். அவன் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. மற்ற பதின்மூன்று பேரையும் எடுத்ததே அவனை நம்பித்தான்.

அழகேசன் ஆண்டிமடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவனை வேலையை விட வைத்தது ராஜவேல்தான். நேராக வீட்டுக்கே போய் அவன் அம்மா பாப்பாயியிடம் பேசினார். "பட்டியல்ல பேரு வந்துருச்சுன்னா ஒங்க பையன் எங்கியோ போயிருவாம்மா. நான் பொறுப்பு" என்றார். வாசலில் முந்திரிக்கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பாப்பாயி நிமிர்ந்து பார்த்து, "ஒங்கள நம்பித்தான் விடறேன் மாஸ்டரு" என்றாள். அந்த வார்த்தை அவர் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

முகாமுக்கு வந்த அன்று அழகேசன் எண்பத்து நாலு கிலோ. ஒரு மாதமாக அவனைச் சோற்றுப் பக்கமே விடாமல், ஆண்டிமடத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் ஓட ஓட விரட்டி, நேற்று மாலை எழுபத்தொன்பது கிலோ இருநூறு கிராமில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

முகாம் நடந்தது ஆண்டிமடத்தில், அணியின் முதலாளி பரணிதரனுடைய முந்திரிக் குடோனில். சுற்றுப்பட்டு ஊர்களின் முந்திரியெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். ஆள் எடை பார்க்க வாங்கிய சின்ன மிஷின் முதல் நாளே போய்விட்டது. வேல்முருகன் அதன் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தான். குடோன் வாசலிலேயே மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று ராஜவேல் அதிலேயே ஆட்களை ஏற்றினார்.

முதல் தடவை ஏறப் போனபோது தராசுக்காரர் செல்லக்கண்ணு பதறிக்கொண்டு ஓடிவந்தார். "சார், இதுல ஆளுங்கள ஏத்தாதீங்க. உள்ள இன்னொண்ணு கெடக்கு பாருங்க, அதுல நிறுத்துக்கங்க."

உள்ளே இருந்தது, அரைத்துப் பருப்பாக்கி வெளியூருக்கு அனுப்பும் சரக்கை நிறுக்கிற தராசு. அதைச் சுற்றிலும் மூட்டை அடுக்கியிருந்தது. வாசல் தராசோ சந்தனமும் குங்குமமுமாக, ஆயுத பூஜைக்குப் போட்ட மாலையின் நாரோடு இருந்தது. ராஜவேலுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். ஊருக்குப் படியளக்கிற சாமான், லட்சுமி, அதில் செருப்புக் காலோடு ஏறலாமா என்கிறார் பெரியவர். நியாயம்தானே? அன்றிலிருந்து பதினாலு பேரும் செருப்பைக் கழற்றி, காலை அலம்பி, தராசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் ஏறினார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் செல்லக்கண்ணு தலையைக் குனிந்துகொள்வார். என்ன பக்தி என்று ராஜவேல் மெச்சிக்கொண்டார்.

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எடை பார்த்தார்கள். லீக்கின் எடை அதிகாரி வெற்றிச்செல்வி என்கிற பெண், மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்தில் தராசைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் பிரேம்குமார் ஏறினான். அறுபத்தைந்து முந்நூறு.

"வர்ற வழியில என்னடா தின்ன?" என்று ராஜவேல் சிரித்தார். பிரேம்குமாரும் சிரித்தான்.

அடுத்து அறிவரசன். நேற்று எழுபது, இன்று எழுபத்து மூணு எழுநூறு. வாய் ஓயாதவன் வாயை மூடிக்கொண்டு இறங்கினான். ராஜவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. வேல்முருகன் எழுபத்தொன்பது தொள்ளாயிரத்தில் மயிரிழையில் தப்பினான். மற்றவர்களும் எண்பதைத் தாண்டாமல் ஏறி இறங்கினார்கள். கடைசியாக அழகேசன் ஏறினான்.

எண்பத்து மூணு நானூறு.

ராஜவேல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினார்கள். சட்டையையும் கழற்றிவிட்டு ஏறினான். எண்பத்து மூணு இருநூறு. ராஜவேல் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆளில்லாத பந்திக் கூடத்துக்குப் போனார்.

"எங்கடா தின்ன? சொல்லு, எந்தக் கடையில?"

"சத்தியமா இல்ல மாஸ்டர். நேத்தும் ரெண்டு சப்பாத்திதான். தண்ணிகூட அளவாத்தான் குடிச்சேன்."

"அப்பறம் நாலு கிலோ எங்கேருந்துடா வந்துச்சு? ஒங்கம்மாகிட்ட நான் என்னடா சொல்றது? திருட்டுத்தனமா தின்னு என் கழுத்த அறுத்துட்டியேடா."

அழகேசன் எதிர்த்துப் பேசவில்லை. இந்த மாதிரிக் கேள்வி அவனுக்குப் பழக்கம் என்பது போலச் சுவரைப் பார்த்து நின்றான். அது ராஜவேலுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவனை அங்கேயே விட்டுவிட்டு மேடைக்கு வந்து, "ஒங்க தராசுதான் தப்புங்க" என்று சத்தம் போட்டார். வெற்றிச்செல்வி கோபப்படவில்லை. அரசு முத்திரை குத்திய இருபது கிலோ இரும்புக் கற்கள் நாலைக் கொண்டுவரச் சொல்லித் தராசில் வைத்தார். எண்பது. கிராம் பிசகவில்லை.

ராஜவேல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நோட்டை எடுத்து நேற்றைய எடைக்குப் பக்கத்தில் இன்றைய எடையை எழுதினார். எழுத எழுத ஒன்று தெரிந்தது. ஒல்லி ஆளுக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது, கனத்த ஆளுக்கு அதிகம் கூடியிருக்கிறது. எல்லோருக்கும் நூற்றுக்கு ஐந்து. ஒருத்தன் திருட்டுத்தனமாகத் தின்னலாம். பதினாலு பேர் கூடிப் பேசி, நூற்றுக்கு ஐந்து என்று அளந்து தின்ன முடியாது. குடோன் தராசு குறைத்துக் காட்டியிருக்கிறது. இதைக்கூடப் பார்க்காமல் அந்தப் பையனை என்ன பேச்சுப் பேசிவிட்டோம் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது.

வெற்றிச்செல்வியிடம் நோட்டைக் காட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார். "அப்ப கவலப்படாதீங்க சார். அணியோட தராசுல கோளாறுன்னு எழுதிக் குடுத்தா பையனுக்குப் பத்து நாள் டைம் குடுப்போம். எந்தத் தராசு, எங்க இருக்கு, எவ்வளவு தப்பு காட்டுது, மூணும் இருக்கணும். முதலாளியோ நீங்களோ கையெழுத்துப் போட்டாப் போதும். பன்னெண்டு மணிக்குள்ள வரலைன்னா பையனோட அஜாக்கிரதைன்னு போட்டுப் பேர எடுத்துருவோம்."

ராஜவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்து நாளில் மூன்றரைக் கிலோ. முடிகிற காரியம்தான். படிவத்தை வாங்கிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பரணிதரனிடம் ஏறக்குறைய ஓடினார். விஷயத்தைச் சொன்னதும் பரணிதரனும் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அதுக்கென்ன மாஸ்டர், எழுதிட்டாப் போவுது. மிஷின்னா கோளாறு வரத்தான் செய்யும். எந்த மிஷின்?"

"குடோன் வாசல்ல இருக்கே, அதான் மொதலாளி."

பேனா படிவத்தைத் தொடவில்லை. "வாசல்ல இருக்கறதுலயா? உள்ள இருக்கறதுல போடலியா? செல்லக்கண்ணு சொல்லலியா ஒங்ககிட்ட?"

"சொன்னாரு. நாங்கதான்..."

"எழுத வேணாம்." பரணிதரன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"மொதலாளி, போவப் போறது அழகேசன்."

"தெரியுது. அவன் இல்லன்னா இன்னொருத்தன். எழுத வேணாங்கறேன்ல."

ராஜவேல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தராசு கெட்டுப் போனதை ஒரு தாளில் எழுதினால் இந்த மனுஷனுக்கு என்ன நஷ்டம்? பழுது பார்க்க அனுப்பினால் தீர்ந்தது. அப்புறம்தான் செல்லக்கண்ணு பதறிக்கொண்டு ஓடிவந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. இதுல ஆளுங்கள ஏத்தாதீங்க. அவர் லட்சுமியைக் காப்பாற்ற ஓடிவரவில்லை. தராசிடமிருந்து ஆட்களைக் காப்பாற்ற ஓடிவந்திருக்கிறார். தராசு கெட்டுப் போகவில்லை. சரியாக, சொன்னபடி வேலை செய்திருக்கிறது. உள்ளே விற்கிற தராசு ஒன்று, வாசலில் வாங்குகிற தராசு ஒன்று.

இந்தத் தராசையா ஒரு மாதமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்? எத்தனை ஊர், எத்தனை மூட்டை, எத்தனை வருஷம்? பரணிதரன் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. பயப்பட வேண்டியது தான் அல்ல, அந்த மனுஷன்தான் என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

"மாஸ்டர்."

பின்னால் அழகேசன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. முதலாளி பக்கம் திரும்பாமல் ராஜவேலிடமே பேசினான்.

"நாங்க வூட்ல எண்பது கிலோ நிறுத்து மூட்டையக் கட்டுவோம் மாஸ்டர். குடோன்ல எழுவத்தாறுதான் வரும். ஈரம் காஞ்சிருக்கும்னு சொல்லுவாங்க. எங்கம்மா நம்பாது. அதுவே நாலு நாள் காய வெச்ச கொட்டையாச்சே. மூட்டைய வண்டியில எடுத்துட்டுப் போறது நாந்தான். அதனால என்னத்தான் கேக்கும், வழியில அவுத்து வித்துட்டியாடான்னு. பத்தாவது படிக்கறப்ப வெளக்குமாத்தால அடிச்சிருக்கு."

சொல்லிவிட்டு நிறுத்தினான். அவன் அழவில்லை. சற்று முன்னால் அவன் ஏன் எதிர்த்துப் பேசாமல் சுவரைப் பார்த்து நின்றான் என்று ராஜவேலுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மணி பதினொன்றே முக்கால். ராஜவேல் மேடையை நோக்கி நடந்தார். பரணிதரன் எழுந்து கூடவே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "மாஸ்டர், அதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளையிலேருந்து நீங்க டீம்ல இல்ல. இந்தப் பக்கத்துல எந்த டீம்லயும் இருக்க மாட்டீங்க. யோசிச்சுக்கங்க."

ராஜவேல் யோசித்தார். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கிடைத்த முதல் சம்பள வேலை இது. கபடியைத் தவிர வேறொன்றும் தெரியாது. மேஜை மேல் படிவத்தை வைத்து எழுதினார். எந்தத் தராசு: குடோன் வாசல் தராசு. எங்கே இருக்கிறது: ஆண்டிமடம். எவ்வளவு: நூற்றுக்கு ஐந்து கிலோ குறைவாகக் காட்டுகிறது. கீழே கையெழுத்துப் போட்டார். கோணல்மாணலாக வந்தது.

வெற்றிச்செல்வி படித்தார். "இது ஆள் நிறுக்கற மிஷின் இல்லையா?"

"இல்லீங்க. ஊர்ச் சரக்கு வாங்கற தராசு."

அவர் தலையைத் தூக்கி முதலில் ராஜவேலைப் பார்த்தார், பிறகு பின்னால் நின்ற பரணிதரனைப் பார்த்தார். படிவத்தில் முத்திரை குத்தினார். "படிவத்தோட ஒரு நகல் நான் வெச்சுக்கறேன் சார். பையனுக்குப் பத்து நாள் டைம்." பரணிதரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

பெயர் தப்பித்தது என்று சொல்ல ராஜவேல் அழகேசனைத் தேடினார். அவன் ஜன்னல் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவர் கையைத் தூக்கிக் காட்டியதை அவன் கவனிக்கவே இல்லை.

"அது இருக்கட்டும்மா, பேரு வந்துச்சா வரலையான்னு அப்பறம் சொல்றேன். நீ எங்க நிக்கிற? குடோனுக்கு வந்துட்டியா? மூட்டையத் தராசுல வெச்சாச்சா? வெக்காத. கீழ எறக்கு. எறக்கும்மா, சொல்றேன்ல." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டான். பிறகு அவன் குரல் உடைந்தது.

"நான் அவுக்கலம்மா. ஒரு நாளும் அவுக்கல."