பச்சை அடித்த ஒன்பதாம் நம்பர்

சாயங்காலம் ஐந்து மணியானால் டெல்மர் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றுவிடுவார். முப்பத்தெட்டு வருஷம் குடியிருந்த வீட்டின் கதவு.

"நேரமாச்சு. வீட்டுக்குப் போகணும்" என்பார்.

"இதுதானே டெல் நம்ம வீடு" என்று ஆரம்பத்தில் மனைவி ஆர்லிஸ் சொல்லிப் பார்த்தாள். சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும், எடையில் ஏமாற்றும் கடைக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்தவரைப் போல. பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நிற்பாள். இருவரும் கதவைப் பார்த்தபடி, பேச்சில்லாமல், வெளிச்சம் போகும்வரை நிற்பார்கள்.

போன மார்ச்சில் ஒருநாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணவில்லை. பனியில் ஒன்றரை மைல் நடந்து பள்ளிக்கூட பஸ் ஷெட்டுக்குப் போயிருந்தார். முப்பத்தொரு வருஷம் அவர் மெக்கானிக்காக இருந்த இடம். ஏலத்துக்கென்று ஓரங்கட்டி வைத்திருந்த ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷம் ஆர்லிஸ் ஓட்டிய பஸ் அது. அவள் மூச்சிரைக்கப் படியேறியதும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வா ஆர்லிஸ். பிரேக்க பாத்துட்டேன். இனிமே இடது பக்கம் இழுக்காது."

நான்கு மாதமாக அவள் பெயர் அவர் வாயில் வந்திருக்கவில்லை. அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. வீட்டுக்குப் போகணும் என்று அவர் சொல்லவேயில்லை.

ஏப்ரல் ஏலத்தில் அந்த பஸ்ஸை அவள் வாங்கினாள். வீட்டை விற்கப்போகிறேன், பஸ்ஸையே வீடாக்கி அவரோடு அதில் இருந்துவிடப்போகிறேன், பனி விழுவதற்கு முன்னால் தெற்கே அரிசோனாப் பக்கம் இறங்கிவிடுவோம் என்று மகளிடம் போனில் சொன்னாள். மகள் கிரெட்சன் இரண்டு மணி நேரத் தொலைவில் நகரத்தில் இருந்தாள்.

"அம்மா, நிஜமாத்தான் சொல்றியா? அப்பாவுக்கு பாத்ரூம் எங்க இருக்குன்னே தெரியல. அவர தகர டப்பால வச்சு ஊர் சுத்தப் போறியா?"

"பஸ்ல பாத்ரூம் நாலடி தூரத்துல இருக்கும். தொலைஞ்சு போக இடமே இருக்காது."

"விளையாடாத. ஞாபகம் போனவங்களப் பாத்துக்கற இல்லம் ஒண்ணு ஹாலெட்ல இருக்கு. அங்க பேர் பதிஞ்சு வைக்கட்டுமா?"

"பதிஞ்சுக்கோ. நாங்க வரமாட்டோம்."

கோடை முழுக்க வேலை நடந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஹார்லன் வெல்டிங் மெஷினோடு வந்தார். சீட்டுகளைக் கழற்றுவதுதான் முதல் பாடு. துருப்பிடித்த போல்ட், வண்டிக்கு அடியில் ஒருவர் படுத்து ஸ்பேனரால் பிடிக்க வேண்டும், மேலே ஒருவர் திருக வேண்டும். அடியில் படுத்தது டெல்மர். யாரும் சொல்லவில்லை, தானாகவே பலகையை இழுத்துப் போட்டு உள்ளே சறுக்கிப் போனார்.

"உன் புருஷனுக்கு என் பேரு மறந்துபோச்சு" என்றார் ஹார்லன். "காலைல என்னத் தபால்காரன்னு நினைச்சு லெட்டர் கேட்டான். ஆனா எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர்னு கண்ண மூடிக்கிட்டு எடுக்கறான் பாரு."

"தபால்காரர் உன்னவிட அழகா இருப்பாரு. சந்தோஷப்படு."

"நாப்பது பிள்ளைங்கள வச்சு ஓட்டினப்பவே உன்ன டிராக்டர் முந்தும். அடுப்பையும் கட்டிலையும் ஏத்தி நீ அரிசோனா போய்ச் சேர்றதுக்குள்ள அங்க கோடை வந்துரும்."

வண்டிக்கு அடியிலிருந்து டெல்மர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆர்லிஸ் திருகுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டாள்.

உள்ளே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். சீட்டுகள் போய்த் தரை வெறுமையானபோது அவர் என்ன சொல்வாரோ என்று பயந்தாள். ரப்பர் விரிப்பை உரித்தபோது, துருவைச் சுரண்டிப் பூச்சு அடித்தபோது, கூரைக்குப் பைன் பலகை தைத்தபோது, பின்பக்கம் கட்டிலும் நடுவில் விறகடுப்பும் வந்தபோது, ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்த்தாள். டிரைவர் சீட்டையும் அவருடைய அந்த முதல் சீட்டையும் மட்டும் தொடவில்லை. அவர் எதையும் கண்டுகொள்ளவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் வாசலில் நிற்கும் மஞ்சள் வண்டியைப் பார்ப்பார், நேராகப் போய் ஏறிக்கொள்வார். அவள் பலகைக்கு மெருகு தேய்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் மூன்று மணி நேரம்கூட ஒரு வார்த்தை இருக்காது. கல்யாணமான புதிதில் இப்படித்தான் இருந்தோம் என்று அவளுக்குத் தோன்றும். பேசாமல் இருப்பது அப்போதும் அவர்களுக்கு ஒரு குறையாக இருந்ததில்லை.

செப்டம்பரில் ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. வீட்டு வண்டி என்று பதிவு செய்யும் விண்ணப்பத்தை ஹார்லன் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"கட்டில் இருக்கு. அடுப்பு இருக்கு. தண்ணித் தொட்டி இருக்கு. மஞ்சள்தான் இருக்கக்கூடாது."

அது அவளுக்கும் தெரியும். குழந்தைகளை ஏற்றாத வண்டி அந்த நிறத்தில் ரோட்டுக்கு வரக் கூடாது. கடையிலிருந்து வண்ண அட்டை வாங்கி வந்து டெல்மரின் மடியில் வைத்தாள்.

"எந்தக் கலர் டெல்? நீ சொல்லு."

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கரும்பச்சையின் மேல் விரலை வைத்தார்.

"இதுவா?"

"ம்."

அன்று முழுவதும் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அவரும் சேர்ந்து கட்டிய வீடு என்று ஆகிவிட்டதல்லவா.

பெயிண்ட் வாடை அவருக்கு ஆகாது என்று வியாழக்கிழமை கிரெட்சன் வந்து அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். காரில் ஏறுமுன் அம்மாவைத் தனியே அழைத்தாள்.

"ஹாலெட்ல ஒரு இடம் காலியாயிருக்காம். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நமக்காக வச்சிருப்பாங்க."

"வேண்டாம்னு சொல்லிடு."

"வீட்ட வேற வித்தாச்சு. அந்த வெள்ளிக்கிழமைதான் நீ சாவியைக் குடுக்கப்போற. அதுவரைக்கும் அந்த இடம் இருக்கட்டும்மா. ஒரு பேச்சுக்கு."

ஆர்லிஸ் திரும்பிப் போய் டெல்மரின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவளுக்கு வேண்டாம் என்பதில் சந்தேகமே இல்லை.

மூன்று நாள் அவளும் ஹார்லனும் ரோலர் பிடித்தார்கள். சிவப்பு விளக்குகளைக் கழற்றி ஓட்டைகளைத் தகரம் வைத்து அடைத்தார்கள். பக்கவாட்டில் இருந்த ஒன்பது என்ற எண் முதல் பூச்சில் மங்கலாகத் தெரிந்தது. இரண்டாவது பூச்சில் மறைந்தது.

ஞாயிறு மத்தியானம் கிரெட்சனின் கார் வந்து நின்றது. டெல்மர் இறங்கினார். ஆர்லிஸ் பச்சை அப்பிய கையைத் துணியில் துடைத்தபடி ஓடி வந்தாள்.

"பாத்தியா டெல்? நீ சொன்ன கலர்."

அவர் வண்டியைப் பார்த்தார். மெதுவாக ஒரு சுற்று சுற்றிவந்தார், ஷெட்டில் தினமும் காலையில் செய்வது போலவே, ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிக்கொண்டு. கதவுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"நல்ல வண்டி. யாரோடதுங்க?"

"நம்மளோடது. ஒன்பதாம் நம்பர்."

"ஒன்பதாம் நம்பர் மஞ்சளா இருக்கும்ங்க." அவர் வாசலையும் தெருவையும் பார்த்தார். "எங்க கொண்டுபோய் நிறுத்தினாங்களோ தெரியல. காலைல பிள்ளைங்க ரோட்டுல நிப்பாங்களே. நீங்க பாத்தீங்களா?"

"டெல், உள்ள வந்து பாரு. உன் சீட்டு அங்கயேதான் இருக்கு."

"சொந்தக்காரங்க இல்லாதப்ப அடுத்தவங்க வண்டில ஏறக்கூடாதுங்க" என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆர்லிஸ் ஓடிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். அந்தச் சத்தத்தை அவர் தூக்கத்திலும் அறிவார். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகத்தில் ஏதோ தெளிந்தது.

"மூணாவது இஞ்செக்டர் சரியில்ல" என்றார். "எங்க ஒன்பதாம் நம்பருக்கும் இதே வியாதிதான். சொந்தக்காரர் வந்தா சொல்லிருங்க."

அவர் சொன்னது சரி. எஞ்சினுக்கு எரிபொருள் பீய்ச்சும் அந்த மூன்றாவது இஞ்செக்டரை மாற்ற வேண்டும் என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். வண்டியை அணைத்தாள். கிரெட்சன் காரின் மேல் கை வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்களன்று பஸ்ஸின் அடுப்பில் அவருக்குப் பிடித்த கோழியும் நூடுல்ஸும் சமைத்து, கதவைத் திறந்து வைத்தாள். அவர் வாசனைக்குப் படிவரை வந்தார். தட்டைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். "ரொம்ப நன்றிங்க" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஐந்து மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக் கதவருகே நின்றார்.

செவ்வாய்க்கிழமை அவள் ஹார்லனிடம் போனாள்.

"மறுபடியும் மஞ்சள் அடிச்சிரலாம்னு பாக்கறேன்."

"அடி. ஊர் எல்லையத் தாண்டறதுக்குள்ள ஷெரிஃப் ஆபீஸ் ஆளு ஒருத்தன் வந்து நிறுத்துவான்."

"ஊரத் தாண்டல. உன் வயல்லயே நிறுத்திக்கறேன்."

ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டினார். "நிறுத்திக்கோ. நான் வேண்டாம்னா சொல்வேன்? ஆனா ஜனவரில இங்க மைனஸ் முப்பது. ஒரு நாள் கதவத் திறந்துட்டு அவன் பாட்டுக்கு நடந்துட்டான்னா, ஷெட்டுப் பக்கம்தான் போவான்னு என்ன நிச்சயம்? ஏற்கெனவே ஒரு தடவ உனக்கு அதிர்ஷ்டம் இருந்துச்சு, ஆர்லிஸ்."

அவள் திரும்பி நடந்தாள். பிறகு கடைக்குப் போய் ஒரு சிறிய டப்பா மஞ்சள் வாங்கினாள். பஸ் கதவைச் சுற்றி ஒரு கதவகலத்துக்கு மட்டும் அடித்தாள். ஏறும் இடம் மட்டுமாவது மஞ்சளாக இருந்தால் போதும், ஏறிவிட்டால் உள்ளே அவர் சீட்டு இருக்கிறது. காய்ந்ததும் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

டெல்மர் குனிந்து, மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது பள்ளிக்கூட மஞ்சள் இல்லீங்க. அது வேற, கொஞ்சம் ஆரஞ்சு ஓடும்." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்ணில் உண்மையான அக்கறை இருந்தது. "அருமையான பச்சை. யாரோ நல்லாப் பாத்து எடுத்திருக்காங்க. எதுக்குங்க கெடுக்கறீங்க?"

ஆர்லிஸ் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள். அதைக் கழுவ எடுத்துப்போனாள். வெகுநேரம் கழுவினாள்.

வியாழக்கிழமை காலை மகளுக்குப் போன் செய்தாள்.

"அந்த இடம் இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா."

இருவரும் போனை வைக்கவில்லை. கிரெட்சனின் வீட்டில் தண்ணீர் குழாய் ஓடுவதும் நிற்பதும் ஆர்லிஸுக்குக் கேட்டது. கடைசியில் "சட்டையில பேர் எழுதித் தைக்கணுமாம்" என்றாள் கிரெட்சன். "நான் தைச்சிடறேன்" என்றாள் ஆர்லிஸ்.

வெள்ளிக்கிழமை, பெட்டி காரில் ஏறியது. வீட்டுச் சாவி புதியவர்களுக்காகத் தபால் பெட்டிக்குள் போனது. டெல்மர் எந்தத் தயக்கமும் இல்லாமல் மகளின் காரில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஆர்லிஸ் குனிந்து பெல்ட்டைப் போட்டுவிட்டாள்.

"வீட்டுக்குத்தானே போறோம்?" என்று கேட்டார்.

கிரெட்சன் அம்மாவைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் ஆர்லிஸ் அவரிடம் மறுத்துப் பேசாமல் இருந்திருக்கிறாளே தவிர, பொய் சொன்னதில்லை.

"ஆமா டெல்" என்றாள். "வீட்டுக்குத்தான்."

அவர் முகம் மலர்ந்தது. "நீங்க வரலையா?"

"பின்னாலயே வர்றேன். அந்தப் பச்சை வண்டில."

"அது பெரிய வண்டியாச்சே. ஓட்டுவீங்களா?"

"கொஞ்சம் ஓட்டுவேன்."

"திருப்பத்துல அகலமா எடுங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

ஹாலெட்டுக்குப் போகும் ரோடு நேர்ரோடு. இருபுறமும் அறுக்காத சோளம். முன்னால் கார், பின்னால் பஸ். காரின் பின்கண்ணாடி வழியாக அவருடைய தொப்பி தெரிந்தது. அது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவளுக்குப் பின்னால் அடுப்பு மேல் கெட்டில் ஆடிக் கிணுகிணுத்தது. வாங்கிய பாத்திரம் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தது.

தானியக் கிடங்கைத் தாண்டியதும் தண்டவாளம் வந்தது. கார் குலுங்கிக் கடந்து போனது. ஆர்லிஸின் கால் பிரேக்கை அழுத்தியது. கை நெம்புகோலை இழுத்துக் கதவைத் திறந்தது. பிள்ளைகளை ஏற்றும் வண்டி எதுவானாலும், ரயில் வருகிறதோ இல்லையோ, தண்டவாளத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் கடக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை அவள் செய்தது. இந்த வண்டிக்கு இனி அந்தச் சட்டம் இல்லை என்பது கதவைத் திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

திறந்தது திறந்ததுதான். அவள் கேட்டாள். சோளத் தோகைகள் காற்றில் உரசின. ரயில் எதுவும் வரவில்லை. தூரத்தில் கார் ஒரு புள்ளியாகி, மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கியது. அவர்கள் நிற்கவில்லை. நிற்க வேண்டியதும் இல்லை; அவளுக்கு வழி தெரியும்.

பின்னால் வந்த பிக்கப் வண்டி ஒன்று ஹாரன் அடித்தது. அவள் கையை வெளியே நீட்டி, தாண்டிப் போகச் சொல்லிக் காட்டினாள். அது போனது. கதவு திறந்தபடி இருந்தது. ஆர்லிஸ் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.