லில்லிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

என் மாமனாரைத் தெருவில் பூ மெக்கானிக் என்றுதான் சொல்வார்கள். பஸ் டிப்போவில் இன்ஜினுக்கு அடியில் படுத்தே காலத்தை ஓட்டியவர், ஓய்வு பெற்றபின் மாடிப்படி ஓரமெல்லாம் தொட்டி வைத்து லில்லி வளர்த்தார். எனக்கு அந்தப் பூவைக் கண்டாலே ஆகாது. நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில். லில்லியின் மகரந்தம் வெள்ளைத் துணியில் பட்டால் லேசில் போகாது. படுக்கை விரிப்பில் அந்தக் காவிக் கறையைப் பார்க்கும்போதெல்லாம், பூங்கொத்து கொண்டுவந்த புண்ணியவானை மனதுக்குள் திட்டிக்கொண்டே தேய்ப்பேன்.

போன மழையில் அதே படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து எலும்பும் கூடிவிட்டது. ஆனால் மனிதர் அசையவில்லை. புரட்டிப் படுக்க வைக்கக்கூட ஒரு ஆள் வேண்டியிருந்தது. இப்படியே விட்டால் கடைசிவரை படுக்கைதான் என்று டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பார்க்க ஆளில்லாமல் மற்ற தொட்டிகள் காய்ந்துபோக, மொட்டு விட்டிருந்த ஒன்றை மட்டும் அவர் அறை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தோம்.

"இது பூக்கட்டும், எழுந்திருக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான். வீட்டின் மொத்தப் பாரமும் அந்த ஒற்றை மொட்டின் தலையில் ஏறியது.

எங்கள் வீட்டில் மூன்று பேர் வேலைக்குப் போகிறோம், மூன்று பேரும் பாதி உயிரோடுதான் திரிகிறோம். எனக்குக் காலை ஷிஃப்ட். நாத்தனாருக்கு மதியத்துக்கு மேல் துணிக்கடையில் கால் கடுக்க நிற்கும் வேலை. என் கணவர் வேன் ஓட்டிவிட்டு வரும்போது இருட்டிவிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே செருப்பு மாட்டும்போதுதான். பேச்சு என்றால், கேஸ் தீர்ந்துவிட்டது, சாவி ஆணியில் இருக்கிறது, அதோடு சரி. இதில் மாமனார் அறைக்குள் போய் உட்கார யாருக்குத் தெம்பு இருக்கிறது? தட்டை வைப்போம், தட்டை எடுப்போம்.

தண்ணீர் ஊற்றும்போது மட்டும் அவசரப்பட முடியாது. வேகமாக ஊற்றினால் மண் தெறிக்கும். நான் காலையில் மெதுவாக ஊற்றுவேன், தொட்டியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைப்பேன், "இன்னிக்குக் கொஞ்சம் பெருத்திருக்கு மாமா" என்பேன். அவரும் "உன் சூப்பர்வைசர் இப்ப எப்படி, அடங்கினானா?" என்று கேட்பார். நானும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஓடுவேன்.

கொஞ்ச நாளில் அடியிலைகள் பழுத்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கூடுதலாக ஊற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டு உதிர்ந்து கிடந்தது.

கணவர் தொட்டியைப் பால்கனிக்குத் தூக்கிவந்து கவிழ்த்தார். மண் கஞ்சியாக வழிந்தது. கிழங்கைத் தொட்டதும் இதழ் இதழாகக் கையோடு நழுவியது. சாக்கடை நாற்றம். நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தினமும் வந்ததும் ஊத்தினேனே" என்றார் கணவர். "உனக்குக் காலையில ஓடறதுக்கே நேரமில்லயேன்னு."

"காலையில நான் ஊத்திட்டுத்தாங்க போவேன். நீங்க அலுத்துப்போய் வருவீங்களேன்னு."

நாத்தனார் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். "அண்ணி, மதியத்துல நானும் ஊத்தினேன்."

மூன்று பேரும் அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த வீட்டில் ஒருவர்மேல் ஒருவருக்கு இவ்வளவு கரிசனம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பேர் ஊற்றியதையும் படுக்கையிலிருந்தே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் யாராவது சொம்பைத் தூக்கினால் தெருவே கேட்கத் திட்டுகிற மனிதர் அவர். எனக்கு வந்த கோபத்தில் கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போனேன். அவர்கள் இரண்டு பேரும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள்.

"மாமா, நாங்க மூணு பேரும் ஊத்தறதப் பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்தேன்."

"கிழங்கு அழுகிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னம்மா."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல? அது பூக்கணும்னு நாங்க எப்படித் தவிச்சோம்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது.

"தட்டு வைக்க வந்தா அந்தக் கையோட திரும்பிடறீங்க. தண்ணி ஊத்தறப்பதான் நிக்கறீங்க, ரெண்டு வார்த்தை பேசறீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "வாரத்துக்கு ரெண்டு தடவை ஊத்தினாப் போதும்னு நான் சொல்லியிருந்தா, வாரத்துக்கு ரெண்டு தடவைதான் வருவீங்க."

வாசலில் நின்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்களுக்கும் முடியவில்லை மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவருக்குத் தெரியாததா? கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை வந்தது, அதைவிட அசதி அதிகமாக வந்தது. கட்டில் ஓரத்தில் இருந்த கையகல இடத்தில் அப்படியே உட்கார்ந்தேன்.

"விழுந்துடப் போறே" என்றார் மாமனார். இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, யாரும் தூக்காமல் தானாகவே சுவர்ப் பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.