கம்பளத்தில் உதிரிப் பழங்கள்

பவானேஸ்வரிக்குக் கால் கடுத்தது. மாநில விவசாயக் கண்காட்சியில் காலையிலிருந்து நிற்கிறாள். பின்னால் நாற்காலி இருந்தது. உட்காரக் கூடாதென்று தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணி வசந்தன் சொல்லியிருந்தார். மேசையில் அன்னாசி, டுரியான், ரப்பர் பால் நிரம்பிய மங்குக் கிண்ணம், ஐஸில் புலி இறால், நடுவில் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் பெரிய பழக்குலை. மலாக்காவில் இத்தனை விளைகிறதா என்று அவளுக்கே வியப்பு. ஆயுசு முழுக்கச் செம்பனையடியில் குனிந்து கிடந்தவளுக்கு வேறென்ன தெரியும்?

ஒலிபெருக்கியில் ஒருவர், விவசாயம்தான் இந்த மாநிலத்துக்கே சோறு போடுகிறது என்று மூச்சுவிடாமல் முழங்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பூ அச்சிட்ட புது பாத்தேக் சட்டை. மார்பில் 'சிறுதோட்ட உரிமையாளர்' என்று மலாயில் ஓர் அட்டை. வரவேண்டிய உரிமையாளர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட, கிராணி இவளை லாரியில் ஏற்றி வந்துவிட்டார்.

"கேட்டா அஞ்சு ஏக்கர்னு சொல்லுங்கக்கா. ஒங்க வீட்டக் காலி பண்ணச் சொல்றாங்கல்ல, நான் ஆபீஸ்ல பேசுறேன்லா," என்று வழியில் சொல்லியிருந்தார்.

தோட்டம் கொடுத்த அந்த லயத்து வீடு போனால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"பவானி அக்கா!"

மரியசூசை. பக்கத்து வீட்டில் இருந்தவன். போன வருடம் தோட்டத்தை விட்டு, செங் வட்டாரத்தில் ஒரு பேக்டரி வேலைக்குப் போய்விட்டான். ஆளுக்கொரு துண்டு நிலம் கேட்டு அவளோடு ஆபீஸ் வாசலில் வெயிலில் காய்ந்தவன். அட்டையைப் படித்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"நெலம் கெடச்சிருச்சாக்கா?"

பக்கத்தில் நின்ற வசந்தன் தொண்டையைக் கனைத்தார்.

"ம்... அஞ்சு ஏக்கர்."

"நல்லாருங்கக்கா. நான்தான் அவசரப்பட்டுக் கெளம்பிட்டேன்."

அவன் குரலில் பொறாமை துளியும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போது பிரமுகர் கூட்டம் நெருங்கியது. கேமராக்காரர் ஒருவர் மேசையில் இடிக்க, குலையிலிருந்து பழங்கள் கழன்று கம்பளத்தில் சிதறின.

பவானேஸ்வரி யோசிக்கவேயில்லை. அடுத்த நொடி மண்டியிட்டிருந்தாள். மரத்தடியில் உதிரிப் பழம் விட்டுவந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். கைக்கு அது பழகிப்போயிருந்தது. புதுச் சட்டையை மடியாக ஏந்தி, மேசைக்கடியில் தவழ்ந்து பொறுக்கினாள்.

"எந்திரிங்கக்கா!" வசந்தன் பல்லைக் கடித்தார். "ஓனர் செய்யுற வேலையா இது?"

அவள் நிமிர்ந்தாள். மரியசூசை பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. தன் காலடியில் கிடந்த பழத்தை எடுத்துத் துடைத்து, குனிந்து அவள் மடியில் போட்டான்.

"அந்த மூலையில இன்னொண்ணு கெடக்குக்கா," என்றான் மெதுவாக. "விட்டா சம்பளத்துல பிடிச்சிருவானுங்க."

அட்டை கம்பளத்தில் உரச, அவள் மறுபடி மேசைக்கடியில் குனிந்தாள்.