நீல முடிச்சுக் கோழி

லிஃப்ட் பழுது. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம் அதுதான்.

உதவித்தொகை அலுவலகத்து ஆள் கீழ் வீட்டைப் பார்த்து முடித்துவிட்டார். மாடிப்படி ஏறி அடுத்து இங்கேதான் வருவார். அதற்குள் ஃபிரிட்ஜ் நிறைந்தாக வேண்டும். சமையலறை ஜன்னல் வழியே கொடிக்கயிற்றை இறக்கினாள். கீழ் வீட்டுத் தையல்காரி பையைக் கட்டிவிட்டு, தூக்கலாம் என்பதற்கு அடையாளமாகக் கயிற்றை இரண்டு முறை இழுத்தாள்.

விடியும்வரை பணிமனையில் பஸ் கழுவிய கை. கயிறு வழுக்கியது. பையில் முட்டை, பால், கால்களில் நீலத் துணி முடிச்சுப் போட்ட முழுக்கோழி ஒன்று. கல்லாக விறைத்திருந்தது. எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டுக் கயிற்றை மறுபடி கீழே தொங்கவிட்டாள்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நடத்தும் குடித்தனத்தில் இந்தப் பயம் வேறு. ஃபிரிட்ஜ் காலியாக இருந்தால் பிள்ளையைப் பிரித்து விடுதியில் போட்டுவிடுவார்கள் என்று குடியிருப்பில் எல்லோரும் சொன்னார்கள். யார் வீட்டுப் பிள்ளை அப்படிப் போனது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

வந்தவருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஃபிரிட்ஜைத் திறந்தவர் கோழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவரை இப்பதான் கீழ பார்த்துட்டு வர்றேம்மா."

அவள் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தப் போனாள். அந்த நேரம் பார்த்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இன்னைக்குக் கோழியா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இல்லாத வீட்டுக்குத்தான் கூடுதல் உணவுப்படி எழுத முடியும் என்றார். நிறைந்திருந்தால் தேவையில்லை என்று எழுதியாக வேண்டும். கீழே அப்படித்தான் எழுதிவிட்டு வந்திருக்கிறார். பிள்ளையைப் பிரிப்பது தன் வேலையே இல்லையாம்.

"நிஜத்தைச் சொல்லுங்க. இது உங்க கோழியா?"

அவள் மகளைப் பார்த்தாள். இவரை நம்பினாலும் கெட்டோம், நம்பாவிட்டாலும் கெட்டோம்.

"இல்லீங்க."

"அப்ப கீழ் வீட்டம்மாவோடதா?"

"அவங்களுதும் இல்லீங்க. யாரு வாங்கினதுன்னே தெரியல. நீங்க போற வீட்டுக்கெல்லாம் உங்களுக்கு முன்னாடி அது போயிடும்."

அவர் சிரிக்கவில்லை. அவளுக்கு உணவுப்படி எழுதினார். பிறகு மாடிப்படியை ஒரு பார்வை பார்த்து, கீழே எழுதியதை மாற்ற வேண்டும் என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

காலடிச் சத்தம் கீழே போகப் போக, ஜன்னலில் கயிறு இரண்டு முறை இழுபட்டது. ஆள் திரும்பி வருகிறார், கோழியை அனுப்பு.

அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"வேணாம்க்கா. காலியாவே இருக்கட்டும்."

தையல்காரி அண்ணாந்து பார்த்தாள். என் பிள்ளைதானே போகும், உனக்கென்ன என்பது போன்ற பார்வை.

கயிறு மறுபடி இழுபட்டது. இந்த முறை பலமாக.