அந்த முட்டி பொய் சொல்லாது

செயற்கைக் காலுக்குச் சார்ஜ் போடுவது என் வேலை. செல்போனுக்குப் போடுவதுபோல வயரைச் செருகினால் போதும். என் வீட்டுக்காரர் வீரமணிக்குச் சுண்ணாம்புக்கல் லாரி மோதி, வலது கால் தொடையோடு போய் இரண்டு வருஷம் ஆகிறது. நஷ்டஈட்டில் வாங்கிய இந்தக் கம்ப்யூட்டர் முட்டி வைத்த கால் வந்து மூன்று மாதம். குறைவாக நடந்தால் சார்ஜ் இரண்டு நாள் நிற்கும் என்று திருச்சியில் காலைப் பொருத்தியவர் சொல்லியிருந்தார். இவருக்கோ தினமும் சாயங்காலமே தீர்ந்துவிடுகிறது.

வீட்டில் அவர் நடக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். கைத்தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து, கட்டிலிலிருந்து வாசலுக்கு வரவே சுவரைப் பிடிப்பார். இடது காலுக்குச் செருப்பு மாட்டிவிடுவதுகூட நான்தான். அரியலூர் உரக்கடையில் பில் போடுகிற வேலை, நாள் முழுக்க நாற்காலி. அப்புறம் சார்ஜ் எங்கே போகிறது?

ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது போனில் அந்தக் காலுக்குரிய ஆப்பைத் திறந்தேன். முந்தின நாள் மட்டும் ஆறாயிரத்து நானூறு அடி எடுத்து வைத்திருக்கிறார்.

எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. கால் போனவருக்கு எவள் வருவாள் என்றது இன்னொரு மனசு. அப்படி நினைத்ததற்கு என்மீதே எரிச்சல் வந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

"கடையில எழுந்து கிழுந்து நடப்பீங்களா?" என்று சோறு கட்டும்போது நைசாகக் கேட்டேன்.

"எங்க நடக்கிறது? ஒக்காந்த எடத்துலயே இடுப்பு வுட்டுப்போவுது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் செந்துறையிலிருந்து நானும் ஏறினேன். கடைக்கு எதிரே வெயிலில் காத்திருந்தேன். ஒரு மணிக்குத் தூக்குவாளியோடு வெளியே வந்தார். கையில் தடி இல்லை. பக்கத்திலிருந்த ரயில்வே ஸ்டேஷனுக்குள் நுழைந்தார். நானும் நுழைந்து, பிளாட்பாரத்தில் சேலை கட்டியவளையெல்லாம் ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. மேம்பாலத்தில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஏறும்போது கொஞ்சம் நிதானம். இறங்கும்போது படிக்கு ஒரு காலாக, முட்டி மெல்ல மடங்கிக்கொடுக்க, நம்மைப் போலவே இறங்கினார். கைப்பிடியைத் தொடவில்லை. தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. காலையில் குனிந்து அவருக்குச் செருப்பு மாட்டியவள் நான்.

கீழ்ப்படியில் போய் நின்றேன். "யார ஏமாத்துறீங்க?"

அவர் முகம் செத்துப்போயிற்று. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரில ஒங்க அக்காகிட்ட என்ன சொன்ன? 'இந்த மனுசன் எழுந்து நடக்கட்டும், அப்புறம் ஒரு நாளும் இருக்க மாட்டேன், ஒங்கூட திருப்பூருக்கே வந்துர்றேன்'னு சொன்னியா இல்லியா? நான் மயக்கத்துல கெடக்குறேன்னு நெனச்சியா?"

சொன்னேன். விபத்துக்கு முன் நாங்கள் முகம் கொடுத்துப் பேசியே நாலு மாதம் ஆகியிருந்தது. மனசாரத்தான் சொன்னேன். அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, இந்த மூன்று மாதமும் என் எதிரே மட்டும் வேண்டுமென்றே நொண்டியிருக்கிறார்.

"நல்லா நடந்தா நீ போயிடுவ" என்றார்.

"கடைக்கு நேரமாச்சு, எந்திரிங்க" என்றேன்.

எழுந்து நடந்தார், நொண்டாமல். இரண்டு வருஷமாக அவருக்கு ஈடாக மெதுவாக நடந்தே பழகியவள் நான்; ரோட்டில் பின்தங்கிப்போனேன். நாலு கடை தாண்டித் திரும்பிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடியும் ஒரு பார்வை, கைதியைக் கூட்டிப்போகிற போலீஸ்காரன் மாதிரி.

"சும்மா சும்மா என்ன பார்வ? மெதுவாப் போங்க, நானும் வரணுமில்ல?" என்று நடுரோடென்றும் பாராமல் கத்தினேன்.